விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன்பே முழுச் செலவும் தெரியட்டும்: தனியார் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டிவரும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் மற்றும் பெற்றோர்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600009.

நகல்
இயக்குநர், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம், கீழ்ப்பாக்கம், சென்னை 600010.

பொருள்: எம்பிபிஎஸ் கலந்தாய்வு – தனியார் கல்லூரிகளின் அனைத்துக் கட்டண இனங்களையும் அனுமதி நிலையையும் சீட் மேட்ரிக்ஸிலேயே (கல்லூரிவாரி இடப் பட்டியலிலேயே) வெளியிடுதல் – சேர்க்கை நாளில் கூடுதல் தொகை கேட்கப்படும் மாணவரின் இடத்தைக் காத்தல் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நீட் மதிப்பெண் வந்து, தரவரிசைப் பட்டியலும் வந்த பிறகு, தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்திடம் இருப்பது ஒரே ஒரு எண்தான்: ஆண்டுக் கல்விக் கட்டணம். அதை வைத்துத்தான் கல்லூரிகளை வரிசைப்படுத்தி லாக் செய்கிறார்கள். அலாட்மென்ட் ஆர்டருடன் கல்லூரி அலுவலகத்துக்குப் போன பிறகுதான் விடுதி, மெஸ், பேருந்து, சீருடை, புத்தகத் தொகுப்பு, காப்புத் தொகை, ‘இதர கட்டணம்’ என்று இன்னொரு தாள் நீட்டப்படுகிறது. சேர்வதற்கான கெடு ஓரிரு நாளில் முடியும். அந்த நேரத்தில் இரண்டு மூன்று லட்சம் திரட்ட முடியாதவர் பேரம் பேசும் நிலையில் இல்லை. நகையை வைத்துக் கட்டுவார், அல்லது இடத்தை விடுவார். விட்டால் சுற்றைப் பொறுத்து, கலந்தாய்வுக்காகக் கட்டிய முன்வைப்புத் தொகையும் போகும், அடுத்த சுற்றுக்கான தகுதியும் போகும். இந்தத் தாள் கலந்தாய்வுக்குப் பின் வருவதுதான் சிக்கலின் வேர். அதைக் கலந்தாய்வுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த மனுவின் மையக் கோரிக்கை.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. கர்நாடகக் கட்டண நிர்ணயக் குழு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 9 அன்று அளித்த தீர்ப்பில், கட்டணத்தின் எல்லா இனங்களையும் கட்டணக் குழுவே நிர்ணயிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு இனம் சேர்க்க விரும்பும் நிர்வாகம் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்றது. ரொக்கமாகக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. நன்கொடை கேட்டால் தகவல் தர ஓர் இணையதளம் அமைக்கவும், அதைச் சேர்க்கைக் காலத்தில் ஆங்கில நாளிதழ்களோடு மாநில மொழி நாளிதழ்களிலும் விளம்பரப்படுத்தவும், கலந்தாய்வின்போது மாணவருக்கும் பெற்றோருக்கும் கட்டாயமாகத் துண்டறிக்கை கொடுக்கவும் உத்தரவிட்டது. பிறகு 2025இல், முதுநிலைச் சேர்க்கையில் இடம் முடக்குதல் (சேராமலே இடத்தைப் பிடித்து வைத்தல்) பற்றிய வழக்கில், தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் கல்விக் கட்டணம், விடுதி, காப்புத் தொகை, இதர கட்டணங்கள் ஆகியவற்றைக் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

தேசிய மருத்துவ ஆணையமும் (என்எம்சி) ஒரு படி போயிருக்கிறது. அதன் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள் 2023, கல்லூரி தன் இடங்களை சீட் மேட்ரிக்ஸில் பதியும்போதே ஒவ்வொரு படிப்பின் கட்டணத்தையும் குறிப்பிட வேண்டும், குறிப்பிடாத இடம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது என்கிறது. எம்.டி., எம்.எஸ். படிக்கப் போகிறவர் ஏற்கெனவே மருத்துவர். அவருக்குக் கல்லூரிகளின் நடைமுறை தெரியும், விசாரிக்கச் சீனியர்கள் உண்டு. அவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும்தான் இன்னும் கூடுதலாகத் தேவை. தமிழ்நாட்டில் கலந்தாய்வை நடத்தும் தேர்வுக் குழு எம்பிபிஎஸ் விளக்கக் கையேட்டில் இதே நிபந்தனையைச் சேர்த்தால் போதும்: கட்டணப் பட்டியல் முழுமையாக இல்லாத கல்லூரியின் பெயர் விருப்பப் பட்டியல் பக்கத்தில் தோன்றாது.

அந்தப் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்கிறோம். ஏனெனில் ‘இதர கட்டணம்’ என்று ஒரு வரிக்கு இடம் விட்டாலே மற்ற வரிகள் எல்லாம் பயனற்றுப் போகும். கட்டணக் குழு நிர்ணயித்த தொகை, அதற்குள் எவை அடக்கம் (நூலகம், ஆய்வகம், விளையாட்டு, பராமரிப்பு), அதற்கு வெளியே வாங்கக் குழு ஒப்புதல் அளித்தவை எவை, எவ்வளவு என்று தனித்தனி வரி வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுபவை தனி வரி. காப்புத் தொகை என்றால் எப்போது, எத்தனை நாளில் திரும்பும் என்ற விவரமும் வேண்டும். விடுதிக்கு மூன்று விவரங்கள்: கட்டாயமா, அறைக்கு எத்தனை பேர், மெஸ் கட்டணம் மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா. உள்ளூர் மாணவரிடமும் விடுதிக் கட்டணம் கேட்பது அடிக்கடி நடப்பதால், ‘கட்டாயமா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இருக்கட்டும். ஆண்டுதோறும் கட்டணம் உயருமா, உயர்ந்தால் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் பொருந்துமா என்பதும் எழுதப்பட வேண்டும். கடைசி வரியில் முதல் ஆண்டுக்கு ஆகும் மொத்தத் தொகையும், படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தத் தொகையும்.

படிப்பு முடியும்வரை என்பதில் ஒரு பெரிய தொகை மறைந்திருக்கிறது. எம்பிபிஎஸ் பாடத்திட்டம் 54 மாதங்கள். முதல் மூன்று கட்டங்கள் பன்னிரண்டு மாதங்கள் வீதம், இறுதிக் கட்டம் பதினெட்டு மாதங்கள். ஆக நாலரை ஆண்டு. அதன் பின் வருவது 12 மாதக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி (ஹவுஸ் சர்ஜன்). ஐந்து முழு ஆண்டுகளுக்குக் கட்டணம் வாங்கினால் அந்தக் கடைசி அரை ஆண்டுக்குக் கற்பித்தலே இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஆண்டுக்கு 13.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் நாலரை ஆண்டுக்கு 60.75 லட்சம், ஐந்து ஆண்டுக்கு 67.5 லட்சம். வித்தியாசம் 6.75 லட்சம். அரசு ஒதுக்கீட்டில் 4.5 லட்சம் என்று கொண்டாலும் 2.25 லட்சம் கூடுதல். கட்டணக் குழு தன் ஆணையில் ‘ஆண்டுக்கு’ என்று மட்டும் சொல்லாமல் ‘நாலரை ஆண்டுகளுக்கு’ என்று எழுதவும், இறுதிக் கட்டத்தின் கடைசி ஆறு மாதங்களுக்கு ஆண்டுக் கட்டணத்தில் பாதி மட்டுமே என்று தெளிவுபடுத்தவும் அரசு குழுவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை உண்டு என்கின்றன ஆணையத்தின் 2021ஆம் ஆண்டுப் பயிற்சி ஒழுங்குமுறைகள். ஆகவே அந்தக் கல்லூரி மாதம் எவ்வளவு தருகிறது என்ற வரியும் இதே பட்டியலில் இடம்பெறட்டும்.

அடுத்தது, யார் எதை ஒழுங்குபடுத்துகிறார்கள் என்ற குழப்பம். ‘என்எம்சி அனுமதி பெற்றது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, கட்டணத்துக்கும் ஆணையம் பொறுப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கல்லூரிக்கும் இடங்களுக்கும் அனுமதி தருவது ஆணையத்தின் மருத்துவ மதிப்பீடு மற்றும் தரவரிசை வாரியம். மாநில சுயநிதிக் கல்லூரியின் கட்டணத்தை நிர்ணயிப்பது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான மாநிலக் குழு. இடத்தை ஒதுக்குவது தேர்வுக் குழு. பட்டம் தருவது பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு வழியே வேறு: அவற்றின் எல்லா இடங்களையும் ஒன்றிய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது, முன்வைப்புத் தொகை மட்டுமே 2 லட்சம். மாநிலக் கட்டணக் குழுவின் தொகை அங்கே செல்லாது. சுயநிதிக் கல்லூரி, சிறுபான்மைக் கல்லூரி, தனியார் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் வெளியே ஒரே மாதிரித் தெரிகின்றன. இடைத்தரகர்கள் பிழைப்பது இந்தக் குழப்பத்தில்தான். சிறுபான்மை அல்லாத கல்லூரி 65 விழுக்காடும் சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காடும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன என்பதே பலருக்குத் தெரியாமல், கிடைக்கக்கூடிய இடத்துக்கு விண்ணப்பிக்காமல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு மட்டும் விண்ணப்பித்து நிற்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டுகிறோம்.

கல்லூரியின் அனுமதி நிலையும் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வரட்டும்: அனுமதி பெற்ற ஆண்டு, நடப்பாண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், அபராதமோ இடக் குறைப்போ விதிக்கப்பட்டதா என்ற விவரம். ஆணையத்தின் 2023 குறைந்தபட்சத் தர விதிகளின்படி 100 இடத்துக்கு 420 படுக்கைகளும் 85 ஆசிரியர்களும், 150 இடத்துக்கு 605 படுக்கைகளும் 114 ஆசிரியர்களும் வேண்டும். படுக்கை இருந்தும் நோயாளி இல்லாத மருத்துவமனையில் மாணவர் எதைத் தொட்டுப் பார்த்துக் கற்பார்? கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் கைமாறியதாக 2025 ஜூன் இறுதியில் சிபிஐ வழக்குப் பதிந்த பிறகு, ஆய்வறிக்கையை மட்டும் நம்பச் சொல்வது பெற்றோருக்குப் போதாது. இதில் மாநில அரசுக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு. புதிய கல்லூரிக்கு அரசு வழங்கும் அவசியச் சான்றிதழிலேயே, உள்கட்டமைப்பு இல்லாமல் சேர்க்கை நிறுத்தப்பட்டால் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் பொறுப்பை மாநில அரசு ஏற்கும் என்ற உறுதிமொழி இருக்கிறது. பின்னால் அந்தச் சுமையைத் தூக்குவதைவிட, முன்னாலேயே நிலவரத்தைச் சொல்லிவிடுவது அரசுக்கும் எளிது.

இத்தனை செய்தும் சேர்க்கை நாளில் கூடுதலாகக் கேட்டால்? 1992ஆம் ஆண்டின் நன்கொடைத் தடைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்து, விசாரித்து, தீர்வு வருவதற்குள் சேரும் கெடு முடிந்துவிடும். கெடு முடிந்தால் இடம் போகும். அதனால்தான் யாரும் அன்றைக்கே புகார் கொடுப்பதில்லை. சேர்ந்த பிறகோ, ஐந்தரை ஆண்டு அதே கல்லூரியில் பிள்ளை படிக்க வேண்டுமே என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது. ஆகவே தண்டனையைவிட முதலில் வேண்டியது, அந்த மாணவருக்காகக் கடிகாரத்தை நிறுத்தும் ஏற்பாடு. மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத தொகையைக் கேட்டோ, டிடி அல்லது வங்கிப் பரிமாற்றத்தை மறுத்து ரொக்கம் கேட்டோ ஒரு கல்லூரி சேர்க்க மறுத்தால், மாணவர் அலாட்மென்ட் ஆர்டர், கட்டணம் செலுத்திய ரசீது, அசல் சான்றிதழ்களுடன் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் கெடுவுக்குள் வருகையைப் பதிவு செய்யலாம், அந்தப் பதிவே சேர்க்கையாகக் கொள்ளப்படும் என்று ஓர் அரசாணை போதும். தேர்வுக் குழு 48 மணி நேரத்துக்குள் கல்லூரியிடம் விளக்கம் கேட்டு முடிவு சொல்லட்டும். அதுவரை அந்த இடம் அடுத்த சுற்றின் காலியிடப் பட்டியலுக்குப் போகக் கூடாது. சேர்க்கை நாட்களில் உதவி எண் இரவு வரை இயங்க வேண்டும். கெடு நாளில் மாலையில்தான் இந்தச் சிக்கல்கள் வருகின்றன.

7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவருக்கு இது இன்னும் கடினம். அவர் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனாலும் கையில் காசில்லாமல் போகும் பிள்ளையிடம் சீருடைக்கு, புத்தகத்துக்கு என்று சிறு தொகை கேட்டாலும் அது பெருந்தொகைதான். அவர்களுடைய அலாட்மென்ட் ஆர்டரில் ‘இம்மாணவரிடம் எந்தத் தொகையும் பெறக் கூடாது, விடுபட்ட இனம் இருந்தால் இயக்ககத்துக்கு எழுதுக’ என்ற வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட வேண்டுகிறோம். அரசு கல்லூரிக்குத் தர வேண்டிய தொகையும் பருவத்தொடக்கத்திலேயே போய்ச் சேரட்டும். அது தாமதமானால் அந்த நெருக்கடி மாணவர் தலையில்தான் விழுகிறது.

கட்டணப் பட்டியலை வாங்கிச் சரிபார்க்கத் தேர்வுக் குழுவுக்கு நேரம் வேண்டும். எனவே நீட் முடிவு வரும் வரை காத்திராமல், இப்போதே எல்லாத் தனியார் கல்லூரிகளுக்கும் படிவத்தை அனுப்பி, முதல் சுற்று விருப்பப் பட்டியல் திறப்பதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக வெளியிட ஆணையிடுமாறு வேண்டுகிறோம். பட்டியலைத் தமிழில் எளிமைப்படுத்தவும் மாதிரிப் படிவம் தயாரிக்கவும் எங்கள் உழைப்பைத் தரத் தயாராக இருக்கிறோம். மேலே சொன்ன இனங்கள் அடங்கிய மாதிரிப் படிவம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் மற்றும் பெற்றோர்
(கையொப்பங்கள் தனித் தாளில்)

இடம்: வேலூர்
இணைப்பு: கட்டண மற்றும் அனுமதி நிலை மாதிரிப் படிவம், ஒரு தாள்