ஒட்டிய பேக்கிங்கை எடுக்கும்போது

கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. எஞ்சினின் டைமிங் கவரில், கசிவை அடைக்க வைத்து ஒட்டிக்கிடந்த பேக்கிங்கை (கேஸ்கெட்டை) ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, அலுமினியத்தில் பள்ளம் விழுந்துவிட்டது என்றாய். கோவையில் தனியாக இருந்து நீ மருகிக்கொண்டிருப்பாயே என்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

சுனாமிக்கு அப்புறம், 2005 தொடக்கத்தில், இங்கே உப்புத்தண்ணியும் சேறும் புகுந்த படகு எஞ்சின்கள் வரிசையாகக் கிடந்தன. படகு ஓடினால்தான் அடுப்பெரியும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் நானும் ஒரு தண்ணீர் பம்ப்பின் கவரை உளியால் சுரண்டிவிட்டேன். புதுப் பேக்கிங் போட்டும் அந்தக் கோட்டு வழியாகவே தண்ணீர் கசிந்தது. படகு ஒரு வாரம் கரையில் நின்றது. அந்த வீட்டு அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இனி கவரைக் கழற்றும்போது இடுக்கில் எதையும் நுழைத்து நெம்பாதே. போல்ட் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்து, மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டு. வார்ப்பிரும்பு என்றால் இரும்புச் சுரண்டியைத் தாங்கும். அலுமினியம் தாங்காது, அதற்கு மரமோ பிளாஸ்டிக்கோதான். பேக்கிங் எடுக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை சும்மா இரு. சுரண்டியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளு. வரவில்லையா, மறுபடி ஸ்பிரே அடி. கையில் பலம் கூட்டாதே. அந்த மருந்து தோலைப் பொசுக்கும், பெயின்ட்டையும் உரித்துவிடும். கையுறை, கண்ணாடி போட்டு, கதவைத் திறந்துவைத்துச் செய்.

டிரில்லில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க்கை மட்டும் தொடாதே, தம்பி. இரண்டு நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிடும், அதுதான் ஏமாற்று. அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாமல் குழி விழும். அதைவிட மோசம், டிஸ்க்கிலிருந்து உதிரும் பொடி. அது ஆயில் வழியில் இறங்கிவிட்டால் பேரிங்கைத் தின்றுவிடும். எஞ்சின் பூட்டி ஓடின பிறகுதான் தெரியவரும். எப்படிச் சுரண்டினாலும் சிலிண்டர், ஆயில் ஓட்டை எல்லாவற்றையும் முதலில் சுத்தமான துணியால் அடைத்துவிடு. முடிந்ததும் துணியை எண்ணி எடு. பழைய எஞ்சின் பேக்கிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதைக் காய்ந்தபடி கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதே, காற்றடித்து ஊதாதே. ஈரப்படுத்தியே எடு. உன் நுரையீரல் எனக்கு முக்கியம்.

சிலிண்டர் ஹெட் வேலையென்றால், அதன் முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்ச்சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார். பல எஞ்சின்களில் அந்த இடைவெளிக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அந்த வண்டியின் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக்கொள். அடி மூடிய போல்ட் ஓட்டையில் ஆயில் நின்றால் இறுக்கும்போது எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். துடைத்துவிடு.

இப்போது விழுந்த பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார். மாட்டினால் மறைக்காதே, முதலாளியிடமே காட்டு. உலோக எபாக்சி பசையை வைத்து நிரப்பி, காய்ந்ததும் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்துச் சமமாகத் தேய்க்கலாமா என்று கேள். அவர் கவரை மாற்றச் சொன்னால் காசு நான் அனுப்புகிறேன்.

பூவரசங்கட்டையில் இரண்டு சுரண்டி செதுக்கிப் பார்சலில் வைத்திருக்கிறேன். நுனி மழுங்கினால் தேய்த்துக் கூராக்கிக்கொள். அம்மா கருவாடு தனியாகக் கட்டியிருக்கிறாள், வந்ததும் வெயிலில் ஒருமுறை காயவை.

அப்பா