சேவை நின்றது தவறல்ல, சொல்லாமல் விட்டதுதான் தவறு

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: கனமழையின்போது உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் கைப்பேசிச் சேவை தடைப்பட்டதை அறிவிக்காதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல் கொட்டித் தீர்த்த மழையில் எங்கள் வட்டாரத்தில் உங்கள் கைப்பேசிச் சேவை இரவுவரை நின்றுபோனது. அது பற்றிய என் மின்னஞ்சலுக்கு நீங்கள் எழுதிய பதில் கிடைத்தது. அலைபரப்பும் தளத்துக்கு வரும் மின்சாரம் போனது, காப்பு பேட்டரியும் தீர்ந்தது என்று காரணத்தை ஒளிக்காமல் சொல்லியிருந்தீர்கள். அதுவரை சரி. அடுத்த பத்தியில், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டிய வரம்பைத் தொடவில்லை, எனவே பொது அறிவிப்பு வெளியிடவில்லை, நல்லெண்ணத்தின் பேரில் அடுத்த மாதக் கட்டணத்தில் 10 வெள்ளி கழிக்கிறோம் என்று முடித்திருந்தீர்கள்.

10 வெள்ளியை வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கில்லை. ஆனால் நான் கேட்டது அதை அல்ல.

நான் மின்தூக்கிப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். இடி மழையில் எந்த இயந்திரமும் படுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி நின்றால் நாங்கள் முதலில் கதவில் தாள் ஒட்டுகிறோம், பிறகுதான் கருவிப்பெட்டியைத் திறக்கிறோம். எத்தனை வீடுகள் பாதிக்கப்பட்டன என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஒட்டுவதில்லை.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர், பகலில் வீட்டில் தனியாக இருப்பவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடைய கைப்பேசி, வீட்டு ஃபைபர் இணைப்பு, அதில் ஓடும் வீட்டுத் தொலைபேசி மூன்றும் உங்களுடையவை. மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்தால் மலிவு என்று விற்றது நீங்கள்தான். அன்று எங்கள் புளோக்கிலும் மின்சாரம் போனது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வரும், வீடு இருட்டில் கிடந்தாலும் மணி அடிக்கும். ஃபைபர் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை, சுவர் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மிஞ்சியிருந்தது கைப்பேசி. அதுவும் உங்கள் தளத்தோடு சேர்ந்து அணைந்தது.

துவாஸில் வேலையிடத்திலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. உங்கள் இணையத்தளத்தில் சேவை நிலவரப் பக்கத்தைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் பச்சை நிறத்தில் சரி போட்டிருந்தது. சேவை மையத்தை அழைத்தேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவர் கையிலும் ஒரு தகவலும் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். கோளாறு வீட்டில் என்றால் அம்மா ஏன் கைப்பேசியை எடுக்கவில்லை? விழுந்து கிடக்கிறாரோ என்றுதானே நினைப்பு போகும்? வேலையைப் பாதியில் விட்டு, துவாஸிலிருந்து ரயிலேறி, ஜூரோங் ஈஸ்டில் மாறி வந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், தன் கைப்பேசியிலிருந்து அழைத்தார். "அம்மா நல்லா இருக்காங்க, என் வீட்லதான் உட்கார்ந்திருக்காங்க, உங்க கம்பெனி லைன்தான் இல்ல, எனக்கு இருக்கு" என்றார். உங்கள் சேவை நின்றது எனக்கு முதலில் தெரிந்தது இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் வாயால்.

மாலை நான்கு மணிக்கு ஒரு வரி போட்டிருந்தால் போதும்: உட்லண்ட்ஸில் சேவை இல்லை, காரணம் மின்தடை, அடுத்த தகவல் இத்தனை மணிக்கு. நானே மக்சிக்கை அழைத்திருப்பேன், இல்லை செம்பவாங்கில் இருக்கும் தம்பியை அனுப்பியிருப்பேன். சொந்த நிறுவனத்தின் அலை இல்லாவிட்டாலும் 995 போன்ற அவசர அழைப்பு அருகில் கிடைக்கும் வேறு நிறுவனத் தளம் வழியாகப் போக முடியும் என்பதையும் நீங்களே நினைவூட்டியிருக்கலாம். முதியவர் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கட்டாயமில்லை என்கிறீர்கள். கட்டாயமில்லாமலே தகவல் தரும் ஏற்பாடு உலகில் இருந்திருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தெற்குக் கரையைத் தாக்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைப்பேசித் தளங்கள் செயலிழந்தன, சுமார் 30 லட்சம் தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. அந்த அனுபவத்தில்தான் அந்நாட்டுத் தொடர்பு ஆணையம் 2007இல் பேரிடர்த் தகவல் அறிக்கை முறை ஒன்றைத் தொடங்கியது. பேரிடர் வந்ததும் ஆணையம் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு அதை முடுக்கிவிடும். நிறுவனங்கள் நாள்தோறும் தங்கள் நிலவரத்தைத் தாமாகவே பதிவு செய்யும்: மொத்தம் எத்தனை தளங்கள், எத்தனை நின்றன, மின்சாரம் இல்லாமலா, இணைப்புக் கம்பி அறுந்தா, தளமே சேதமாகியா. 2017 செப்டம்பரில் மரியா புயலுக்குப் பிறகு புவர்ட்டோ ரிக்கோவில் சுமார் 95 விழுக்காட்டுத் தளங்கள் செயலிழந்தன என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது இந்த அறிக்கைகளால்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் சட்டப் பிரிவுக்கு இது பயன்படும். போட்டி நிறுவனங்கள் பார்த்துவிடுமே என்ற கவலைக்கு அங்கே வழி கண்டார்கள். தனி நிறுவனத்தின் விவரம் ரகசியமாகவே இருக்கும், வட்டாரத்தின் கூட்டுக் கணக்கு மட்டும் வெளிவரும். எந்தக் கோபுரம் எந்தத் தெருவில் என்று நானும் கேட்கவில்லை.

அந்த முறை குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. விரும்பினால் தரலாம் என்று விட்டதால் சில நிறுவனங்கள் தராமலே இருந்தன, படம் முழுமையாகவில்லை. கடைசியில் 2024 ஜனவரியில் அந்த ஆணையம் அதைக் கட்டாயமாக்க முடிவு செய்தது. தாமாகச் சொல்லாதவர்களால்தான் சட்டம் வருகிறது. இங்கேயும் அந்த நாள்வரை காத்திருக்கப் போகிறீர்களா?

சிங்கப்பூருக்குப் புயல் வருவது மிக அரிது, உண்மை. ஆனால் 2013 அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது பயன்படுத்திய ஒரு தீக்கருவியால் கம்பிகள் எரிந்து, நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் இணைப்புகள் நின்றன. அதற்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 8ஆம் தேதி நிலையான தொலைபேசிச் சேவை தடைப்பட்டபோது 995, 999 அவசர அழைப்புகளே பாதிக்கப்பட்டன. இவை வரம்பைத் தாண்டிய பெரிய தடைகள், அதனால் பேசப்பட்டன. வரம்புக்குக் கீழே ஒரு வட்டாரம் மட்டும் இருளில் கிடந்தால் அது யார் கண்ணுக்கும் படாது. பொதுப் பயனீட்டுக் கழகம் எந்தச் சாலையில் திடீர் வெள்ளம், எந்தக் கால்வாய் நிரம்புகிறது என்று டெலிகிராமில் உடனுக்குடன் சொல்கிறது. அதே மழை உங்கள் தளத்தை நிறுத்தினால் நீங்கள் ஏன் சொல்லக் கூடாது?

நான் எதிர்பார்ப்பது இதுதான். வரம்பு எதுவாக இருந்தாலும், ஒரு வட்டாரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லையென்றால் நிலவரப் பக்கத்தில் வட்டாரப் பெயர், காரணம், அடுத்த தகவல் வரும் நேரம் மூன்றையும் போடுங்கள். தெரியவில்லை என்றால் "காரணம் பார்க்கிறோம்" என்று போடுங்கள், பச்சைச் சரி மட்டும் வேண்டாம். தங்கள் பெற்றோரின் எண்ணைக் குடும்பத்தார் பதிந்து வைத்தால், அந்த எண் இருக்கும் வட்டாரத்தில் தடை வரும்போது அவர்களுக்குக் குறுஞ்செய்தி போகட்டும். முதியவர்களுக்கு அனுப்புவதை நான்கு மொழிகளிலும் அனுப்புங்கள். கட்டணம் கட்டச் சொல்லி நினைவூட்டும் செய்தி தவறாமல் வருகிறது, ஆகவே அனுப்பும் வசதி இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன். சேவை மையத்தில் போன் எடுப்பவர்களுக்கும் இந்தத் தகவல் முதலிலேயே கிடைக்க வேண்டும். அன்று அந்தப் பெண் என் கோபத்தை வாங்கிக்கொண்டார், அது அவர் வாங்க வேண்டியதல்ல.

அன்றைய தடை எப்போது தொடங்கியது, எப்போது தீர்ந்தது, உட்லண்ட்ஸில் உங்கள் தளங்களில் எத்தனை நின்றன, காப்பு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும், எவ்வளவு தாங்கியது என்ற விவரங்களை எழுத்தில் தாருங்கள். மூன்று வாரத்துக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் உங்கள் முந்தைய பதிலையும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்கு அனுப்புவேன். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் எடுத்துச் செல்வேன்.

அம்மாவின் கைப்பேசியை அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டேன். என்னுடையதும் வீட்டு ஃபைபரும் இன்னும் உங்களிடம் இருக்கின்றன. ஒப்பந்தம் முடியும்போது அவற்றை என்ன செய்வது என்று உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாடிக்கையாளர்