எட்டாம் ஹென்றிக்கும் ஒரு கொலுப்படி

வெஸ்டன்-சூப்பர்-மேர், இங்கிலாந்து,
14.9.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

வசந்தா எழுதுவது. நலம். உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. டியூட்டி மேல் பழி போட்டால் நீ நம்ப மாட்டாய். மனைக்கட்டு விஷயத்தில் அப்பா வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவதென்றே தெரியவில்லை.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, கடற்காற்று வேறு. அறையில் ஹீட்டர் உண்டு, காசு போட்டால் எரியும். அந்தச் சூட்டில் எனக்குத் தலைவலி வருகிறது, அதனால் போடுவதில்லை. ரெண்டு ஸ்வெட்டர் போதும். அத்தை கொடுத்த நார்த்தங்காய் தீர்ந்து நாளாகிறது.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிட்டாள். கூடத்தில் கண்ணாடி அலமாரி முழுக்க பொம்மை! ஒரு சாண்கூட இல்லாத உயரத்தில் இங்கிலாந்து ராஜா ராணிகள், வெல்வெட்டும் ஜரிகையுமாக. பெக்கி நிஸ்பெட் என்று இந்த ஊர்ப் பெண்மணி, 1953இல் இப்போதைய ராணியின் முடிசூட்டுக்கு ஒரு பொம்மை செய்து ஆரம்பித்ததாம். எட்டாம் ஹென்றி தொந்தியும் தொப்பியுமாக நிற்கிறான், பக்கத்தில் ஆறு பெண்டாட்டிகள் வரிசையாக. ரெண்டு பேரைத் தள்ளிவைத்தான், ரெண்டு பேர் தலையை வெட்டினான். தசரதர் எவ்வளவோ தேவலை.

முதல் எலிசபெத் மேல்தட்டில். 1587இல் அவள் உத்தரவில் தலை போன ஸ்காட்லாந்து மேரி ரெண்டு தட்டு கீழே. உறவுக்காரிகள்தான், ஆனால் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லையாம். ஒரே தட்டில் வைத்தால் ராத்திரி தனக்குத் தூக்கம் வராது என்கிறாள் பாட்டி! கையில் கட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைத் தொடவே விடமாட்டாள். சீட்டு போனால் மதிப்பும் போச்சாம்.

நம் கொலுவைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது நாள் ஆனதும் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவோம் என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. "வருஷம் முழுக்க இருட்டிலா?" என்றாள். எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும்போது வருமே, ரசகற்பூர வாசனை, அது வந்துவிட்டது. மரப்பாச்சிக்கு நான்தானே துணி கட்டுவேன். டீ சுடுகிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கிளம்பும்போது சீட்டுப் போன ஜேன் சீமோரை, ஹென்றியின் மூன்றாவது பெண்டாட்டியை, கையில் கொடுத்தாள். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் படி யார் கட்டுகிறார்கள்? கல்கியின் குதிரைக் காலை முரளியை ஒட்டச் சொல். அவன் ஃபீஸுக்குப் பணம் பத்து நாள் தள்ளி வரும், இங்கே பாங்க்கில் ஏதோ தாமதம். சுண்டலுக்குச் செலவைக் குறைக்காதே.

அப்பா பேசாமலிருந்தால் சம்மதம் என்றுதான் மாமா எடுத்துக்கொள்வார். என் அடுத்த கடிதம் வரும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். மாமா எதிரில் சொல்லாதே.

அன்புடன்,
வசந்தா