‘எந்தக் கிழமை?’ என்று கேட்க நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து மாறிப்போன செய்தி எது வந்தாலும் அது பெரும்பாலும் அறுவை அரங்கிலோ அவசரப் பிரிவிலோ நடந்ததாகவே இருக்கிறது. நான் மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சீட்டை வாங்கி, அட்டையை எடுத்து, உறையில் எழுதிக் கையில் கொடுக்கும் சில நிமிடங்களில் எவ்வளவு தவறிப்போகும், அதே நிமிடங்களில் எவ்வளவைத் தடுக்கலாம் என்று தினமும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் என்றொரு மாத்திரை. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் நல்ல மருந்து. இந்த நோய்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அதைப் போட வேண்டும். மற்ற மாத்திரைகள் பெரும்பாலும் தினசரி என்பதால், எழுதுபவரும் சரி, போடுபவரும் சரி, பழக்கத்தில் இதையும் தினசரிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சில நாள் தொடர்ந்து போட்டாலே வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மஜ்ஜை செயலிழந்து வெள்ளையணுக்கள் குறையும். அப்போது சாதாரணத் தொற்றே உயிரைப் பறித்துவிடும். இப்படி இறந்தவர்களைப் பற்றிப் பல நாடுகளில் பதிவுகள் உண்டு. கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல சமயம் அதே போலச் சிறிய மஞ்சள் மாத்திரையாக இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போவது இன்னொரு சிக்கல்.

சில மாதங்களுக்கு முன் விரல் மூட்டுகள் வீங்கிய ஒரு அம்மா சீட்டோடு வந்தார். மாத்திரையின் பெயர், அளவு, பக்கத்தில் ‘இரவு 1’. கிழமை எழுதவில்லை. “இதை எப்பம்மா போடப்போறீங்க?” என்று கேட்டேன். “ராத்திரி ராத்திரி ஒண்ணு போடணுமாம்” என்றார். அதுவரை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தவர். மாத்திரைக்கு மாறியது அன்றுதான். மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க நேரமானது. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். மருத்துவர் கேட்டதுமே திருத்திச் சொன்னார். உறையில் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று பெரிதாக எழுதி, அவரையே படித்துச் சொல்லச் சொன்னேன். ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் யாரும் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள். எப்படிப் போடுவீர்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டால்தான் குழப்பம் வெளியே வரும்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்திலும் இதே கதைதான். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். ‘5 மில்லி கொடுங்க’ என்று யாரோ சிரப்புக்குச் சொன்னதை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால், கைக்குழந்தைக்குப் போவது 500 மில்லிகிராம். அது பெரியவர் விழுங்கும் ஒரு முழு மாத்திரை. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம், அதாவது அந்தச் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி போதும். புட்டியோடு வரும் அளவுகுழாயில் எந்தக் கோடு வரை எடுக்க வேண்டும் என்று பேனாவால் குறித்துக் கொடுக்க அரை நிமிடம் ஆகுமா?

அந்த அரை நிமிடம்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஆள் சீட்டையும் படித்து, பணத்தையும் வாங்கி, தொலைபேசியையும் எடுத்து, சோப்பும் பவுடரும் எடுத்துத் தருகிறார். இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால், மூச்சிரைப்புக்குத் தரும் பிரெட்னிசலோன் இரண்டும் அகரவரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள். மூச்சிரைப்புக்குப் பிரெட்னிசலோன் வேண்டியவர் கைக்குப் புரோப்ரனலால் போனால், அது மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கிவிடும். மருந்தை எடுப்பவர் ஒருவர், சரிபார்த்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்று வேலையைப் பிரிக்க வேண்டும். பெயர் ஒத்த மருந்துகளை வேறு வேறு தட்டில் வைக்க வேண்டும். கடை உரிமையாளர்களை இரண்டு கையும் கூப்பிக் கேட்கிறேன், இதைச் செலவாகப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, நூலிழையில் தப்பியதை நாங்கள் எழுதி வைப்பதில்லை. அந்த அம்மாவின் சீட்டு என் நினைவில் இருக்கிறது. வேறொரு கடையில் இதே போன்ற சீட்டை இன்று கையில் வைத்திருக்கும் மருந்தாளுநருக்கு அது எப்படித் தெரியும்? வேலை போய்விடும், வழக்கு வரும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். பிரிட்டனில் 2018இல் இதற்காகவே சட்டத்தை மாற்றினார்கள். பதிவுபெற்ற மருந்தகத்தில் கவனப்பிசகால் மருந்து மாறினால், தெரிந்தவுடன் நோயாளிக்குச் சொல்லிவிடுவது உள்ளிட்ட நிபந்தனைகளோடு, குற்ற வழக்கிலிருந்து மருந்தாளுநர் தன்னைக் காத்துக்கொள்ள வழி தந்தார்கள். மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய கடும் தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்போம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் இலக்கு வைத்தது. யார் எங்கே தவறினார்கள் என்று பயமில்லாமல் சொல்ல வழியில்லாத இடத்தில் எதைக் குறைக்கப்போகிறோம்? பெயர் குறிப்பிடாமல் பதிவு செய்ய எல்லா மருந்துக்கடைகளுக்கும் ஒரு பொது ஏற்பாடு வேண்டும். அதில் வருவதை மாதம் ஒரு முறை எல்லாக் கடைகளுக்கும் திருப்பி அனுப்ப வேண்டும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கடைக்கு வரும்போது, வேறு எந்த மருத்துவர் எழுதியதானாலும், நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் அத்தனை மருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர் முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன் கேட்டால் உள்ளே இரத்தக் கசிவு வரலாம். மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்கென்று டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மாத்திரை தந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். நீங்கள் அந்தக் காகிதத்தை நீட்டினால்தான் எங்களால் இதைப் பிடிக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்