இடம் வலமாகிப்போன மகாராஜா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சமஸ்தானக் கட்டுரையில் ஒரு மகாராஜாவின் பழைய படத்தைப் போட்டு, கீழே 'நகைப் பித்துப் பிடித்த ராஜா' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அவர் மார்பிலிருக்கும் நட்சத்திரம் ஆசைப்பட்டு வாங்கி மாட்டிக்கொண்டதல்ல, 1861-இல் விக்டோரியா ராணி ஏற்படுத்திய 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் சின்னம் என்பது தங்களுக்குத் தெரியாததா? தலைப்பாகையில் இருக்கும் சர்பேச் என்ற நகை 'நான் அரசன்' என்கிறது. நட்சத்திரமோ, அவருக்கும் மேலே ஒருத்தி உண்டு என்கிறது.

நகை போடாமல் வந்தால் மட்டும் வெள்ளைக்காரர்கள் விட்டார்களா? பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்காக நடந்த 1911 டெல்லி தர்பாருக்கு பரோடா மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் எளிமையாக வந்தார், மன்னர் முன் ஒருமுறை குனிந்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினார். ராஜ துரோகம் என்கிற அளவுக்குப் பேச்சு கிளம்பி, கடைசியில் வைஸ்ராய்க்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அதைவிட வயிற்றெரிச்சல், படத்தையே இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருப்பது. இடது மார்பில் இருக்க வேண்டிய நட்சத்திரம் வலது மார்பில்! வாளும் வலது இடுப்பில் தொங்குகிறது. முகம் பக்கத்துக்குள் பார்த்தால் அழகு என்று உங்கள் லேஅவுட்காரர் நினைத்திருப்பார். நான் ஸ்டூடியோ டார்க் ரூமில் கண்ணாடி நெகடிவோடு காலம் தள்ளியவன். நெகடிவில் மருந்து பூசிய பக்கம் மாறி, படம் இடம் வலமாக பிரிண்ட் விழுந்தால், கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தே எங்கள் முதலாளி கண்டுபிடித்துக் கிழித்துப் போடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகு பொத்தானை யார் பார்க்கிறார்கள்.

முன்பு விக்டோரியாவின் 1897 வைர விழாப் படத்தைப் போட்டபோதும் 'தலையில் ஏதோ வெள்ளைத் துணி' என்று எழுதினீர்கள். அது அவர் கல்யாணத்தன்று போட்டிருந்த லேஸ் முக்காடு, ஐயா. 1861-இல் கணவர் இறந்ததிலிருந்து சாகும்வரை கறுப்பே உடுத்தியவர், ஊர் உலகமெல்லாம் போகப்போகும் படத்தில் அதைக் காட்டினார் என்றால் சும்மாவா? அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை. அதே இதழில் வாசகர் ஒருவர் அட்டைப்படத்தைப் பாராட்டிய கடிதத்துக்கு மட்டும் தாராளமாக இடமிருந்தது.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், தபால்தலை அளவில் போட்டாலும் சரி, அந்தப் படத்தை நேராகத் திருப்பிப் போடுங்கள். கீழே ஒன்றும் எழுதாமலிருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்