சின்னவனின் இடது கை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை அப்பா படித்துக் காட்டினார். இடது கைக்காரர்களில் சைக்கோபாத்துகள், அதாவது இரக்கமும் குற்ற உணர்வும் இல்லாதவர்கள், அதிகமாம். அதோடு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அப்புறம் போனும் இல்லை, வேலை அதிகம் என்று மெசேஜ் மட்டும் வருகிறது. சரி, வேலை இருக்கும்.

இது பழைய பேச்சு, கண்ணு. 1903-லேயே லோம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், குற்றவாளிகளில் இடது கைக்காரர்கள் அதிகம் என்று எழுதினார். முக அமைப்பை வைத்தே குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று நம்பியவர் அவர். சைக்கோபாத்தை அளக்க இன்று சிறைகளில் பயன்படுத்தும் பட்டியல், கனடாவின் ராபர்ட் ஹேர் தந்தது. அதில் 20 விஷயங்கள்: கூசாமல் பொய் சொல்வது, அடுத்தவரை ஏய்ப்பது, செய்த தப்புக்கு வருந்தாதது என்று போகிறது. எழுதும் கை அதில் இல்லவே இல்லை. 1985-ல் அவரே கைதிகளிடம் இதைப் பார்த்தார், தொடர்பு தென்படவில்லை. பிறகு சிலர் லேசாகத் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். இருக்கட்டுமே. பத்துப் பேரில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம். அத்தனை பேருமா அப்படி? கணக்கில் புலி நீ, உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

போன வாரம் வீடியோவில் சின்னவன் படம் வரைந்துகொண்டிருந்தான். பென்சில் இடது கையில் இருந்தது. நீ உள்ளே வந்ததும் உன் முகத்தைப் பார்த்தான், சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டான். கோடு கோணலாகப் போனது, தாளைக் கசக்கிவிட்டான். நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பென்சிலை அவன் கையிலேயே விடு. வயிற்றுக்குள்ளேயே குழந்தைகள் ஒரு கை விரலைத் தேடிச் சப்புவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அதை நீ மிரட்டி மாற்றப் போகிறாயா? உன் அத்தை மகனும் இடது கைதான், அவனைப் போல ஈர மனசு நம் வீட்டில் யாருக்கு?

பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சின்னவன் தள்ளிவிட்டதிலிருந்துதான் உனக்கு இந்தப் பயம். அந்த வயதில் நீ தள்ளாததா? அன்று ராத்திரி அவன் போனில் என்னிடம் கிசுகிசுத்தான், "பாட்டி, அவளுக்கு இன்னும் வலிக்குமா?" என்று. அம்மாவிடம் சொல்லாதே என்றான், அதனால் இதுவரை சொல்லவில்லை.

மனசு ஆறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேள். ராத்திரியில் போனை வைத்துத் தேடிக்கொண்டிருக்காதே. பென்சிலை மட்டும் மாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அவனிடமும் போனைக் கொடு.

அம்மா