இறங்கிய தோளை மைதானத்தில் இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கலையொட்டி ஊர் ஊராகக் கபடிப் போட்டி நடக்கிறது. ரெய்டு வருபவரைப் பிடிக்கும்போது கை பின்னோக்கி முறுக்கிக்கொண்டு தோள்மூட்டு இறங்கிவிடுவதுண்டு. உடனே ஒருவர் அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுக்கிறார். மூட்டு 'உட்கார்ந்ததும்' அடுத்த ஆட்டத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் ஆபத்தானது.

தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் இறங்கும். மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிப் போகும் அக்குள் நரம்பு அப்போதே இழுபடும். எலும்பில் விரிசல் இருப்பது தெரியாமல் பலமாக இழுத்தால், விரிசல் முறிவாகி விலகிவிடும். அதனால்தான் முதலில் எக்ஸ்ரே.

அடிபட்டவரை உட்கார வைத்து, கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே துண்டால் தாங்கிக் கட்டுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே சிறு தலையணை வையுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். கையில் தடுப்பூசி போடுகிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மரத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் உணர்ச்சி இருப்பதாலேயே நரம்புக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடாது. விரல்கள் வெளுத்தாலோ மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மூட்டைப் பொருத்திய பிறகு இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே தேறிவிடும். 3 மாதமாகியும் தோள் தசை அசையாவிட்டால் நரம்பு அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். அதை 6 மாதத்துக்குள் செய்வதே நல்லது. 40 வயதைத் தாண்டியவர் மூட்டு பொருந்திய பிறகும் கையைத் தூக்க முடியாமல் தவித்தால், காரணம் நரம்பு மட்டுமல்ல, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் கிழிந்திருக்கலாம். ஸ்கேன் எடுத்துத்தான் பிரித்தறிய முடியும்.

இளைஞர்களின் சிக்கல் வேறு. மேற்கை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் தோள் குழியின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் ஜவ்வு பிய்ந்து, பழைய இடத்தில் சரியாக ஒட்டுவதில்லை. 20 வயதுக்குள் ஒருமுறை தோள் இறங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மறுபடி இறங்குகிறது. வலி போனதும் கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் தூளியைக் கழற்றிவிட்டுக் களமிறங்குவது சரியல்ல. 2 முதல் 3 வாரம் தூளி, பிறகு பிசியோதெரபி, தசை பலம் திரும்பிய பிறகே ஆட்டம். இரண்டாம் முறை இறங்கினால் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஜவ்வைத் தைக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குழியின் விளிம்பு எலும்பு தேயும். அதிகம் தேய்ந்த பிறகு ஜவ்வைத் தைப்பது மட்டும் போதாது, வேறு இடத்து எலும்புத் துண்டை எடுத்து அங்கே வைத்துத் திருகாணியால் பொருத்த வேண்டிவரும்.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு மருத்துவர்,
மதுரை.